மின்சாரக் கிதாரும் வீணை மெட்டும்

நவராத்திரிக்கு முந்திய நாள் மாலையில் திருவனந்தபுரம் ஆரியசாலைத் தெருவில் நின்றவர்களுக்கு அக்காட்சி எளிதில் மறக்காது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக நகருக்குள் எழுந்தருளுவர். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திற்கும், நங்கை செந்திட்டைக் கோயிலுக்கும், குமாரசுவாமி எங்கள் ஆரியசாலைக் கோயிலுக்கும் செல்வது வழக்கம். புறப்படும் ஊர்கள் மூன்றும் 1956 நவம்பர் முதல் நாள் தொட்டுத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கின்றன. வந்து சேரும் ஊர் கேரளத்தில் இருக்கிறது. எல்லை மாறியதை ஊர்வலம் பொருட்படுத்தவில்லை. எங்களைப் போல் இந்த ஊரிலேயே பல தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அது ஓர் ஆறுதல்.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டுப் பலகையில் பெரியம்மாவின் வீணை ஒரு புறமும், என் உளி, இழைப்புளி, ரம்பம் ஆகியவை மறுபுறமும் இருக்கும். சில ஆண்டுகளாக இவ்விரண்டிற்கும் நடுவே இன்னொரு பொருளும் இடம் பெற்று வருகிறது. அது நானே செய்த மின்சாரக் கிதார். முதல் ஆண்டு பெரியம்மா அதை ஐயத்துடன்தான் பார்த்தார்கள். "இதற்குக் குடம் எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

நான் தச்சனும் அல்லேன், வித்துவானும் அல்லேன். சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவன். ஓய்வு நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்ற ஆசையால் இதில் இறங்கினேன். வெளி மாநிலங்களில் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர்களில் பலருக்கும் இத்தகைய ஆசை இருக்கக்கூடும் என்பதாலேயே என் அனுபவத்தை இங்கே கூறத் துணிந்தேன்.

வீணைக்குக் குடம் எதற்கு? தந்தி தனியே அதிர்ந்தால் அதனால் தள்ளப்படும் காற்று மிகக் கொஞ்சம். காதுக்கு எட்டுவது ஈயின் ரீங்காரம் அளவே. அந்த அதிர்வு குதிரை வழியாக இறங்கிக் குடத்தின் மேற்பலகையை அசைக்கிறது, அகன்ற பலகை நிறையக் காற்றை அசைக்கிறது, நாதம் எழுகிறது. ஆகவே குடத்தை எவ்வளவு மெல்லியதாகக் குடைவது என்பதில்தான் வீணை செய்கிறவரின் வாழ்நாள் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் குடும்பத்தினர் தந்தையிடமிருந்து மகன் கற்றதை ஒரு பொழுதுபோக்காளன் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுவிட முடியாது. சாதாரணக் கிதாரும் இப்படித்தான். அதன் மேற்பலகை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனமே இருக்கும். மின்சாரக் கிதாரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தந்தியின் அதிர்வைக் காற்று எடுத்துச் செல்வதில்லை; காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் அதை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. உடல் என்பது தந்திகளைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு கட்டையேயன்றி வேறன்று. பெரியம்மாவுக்கு நான் சொன்ன விடையும் இதுவே: "இதன் குடம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பெரியம்மா."

இக்கருவியின் வரலாறும் கட்டையின் வரலாறே. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவரும் அடால்ப் ரிக்கன்பேக்கரும் 1931-32ல் வெளியிட்ட முதல் வெற்றிகரமான மின்சாரக் கிதார் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. உருவத்தைக் கண்டு ஜனங்கள் அதைப் 'பொரியல் சட்டி' என்று அழைத்தனர். மடியில் கிடத்தி, தந்தியின் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் ஹவாய் வகை அது; நம் கோட்டுவாத்தியத்தை அறிந்தவர்களுக்கு அம்முறை புதிதன்று. 1940ஐ ஒட்டி லெஸ் பால் என்ற வாத்தியக்காரர் நான்கு அங்குலக் கட்டை ஒன்றின் மேல் தந்திகளைப் பூட்டி வாசித்தார். கட்டையாக வாசித்தபோது யாரும் சட்டை செய்யவில்லை என்றும், ஒரு பழைய கிதாரை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சிறகுபோல் ஒட்டிய பிறகே சபையார் கைதட்டினார்கள் என்றும் அவரே பின்னாளில் கூறியதுண்டு. கண்ணால் கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள்!

வானொலி நேயர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1950ல் கட்டை உடல் கிதாரைத் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கடைசி வரையில் கற்கவும் இல்லை. பழுது பார்ப்பவரின் புத்தியுடன் அவர் கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்று போடலாம். வீட்டிலிருந்து செய்கிற நமக்கு இந்த ஏற்பாடு பெரிய வரப்பிரசாதம். கழுத்து ஒரு மாதம், உடல் ஒரு மாதம் எனப் பிரித்துச் செய்யலாம். ஒன்றில் நேர்ந்த தவறு மற்றொன்றைக் கெடுக்காது.

கையால் செய்தோரில் உலகப் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் பிரையன் மே. 1963ல், 16 வயதில், கடையில் கிதார் வாங்கக் கையில் பணமில்லாமல், மின்னணுத் துறையில் வேலை பார்த்த தம் தந்தையாருடன் சேர்ந்து அவர் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. யாரோ வீட்டில் கழற்றிப் போட்ட பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டம் கழுத்தாயிற்று. பழைய மேஜையின் ஓக் மரம் உடலின் நடுவில் புகுந்தது. தந்தியின் இழுவைத் தளர்த்தி முறுக்கும் கைப்பிடிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் உதவின. அக்கைப்பிடியின் நுனி தாயாருடைய பின்னல் ஊசியின் துண்டு. மெட்டுப் பலகையின் புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பின்னர் 'குவீன்' இசைக்குழுவில் அவர் வாசித்தது அந்தக் கிதாரையே. அவர் 2007ல் வான்பௌதிகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். இதை நான் சொல்வது புகழ்ச்சிக்காக மட்டுமன்று. வீட்டு உடைசல்களே போதும் என்ற தைரியம் எனக்கு இவர் கதையிலிருந்துதான் வந்தது.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். உடலுக்குப் பலா எடுத்துக்கொண்டேன். 45 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, அறுத்து, இழைத்தேன். கழுத்திற்கு மகாகனி. மெட்டுகள் பதியும் பலகைக்கு மட்டும் ஈட்டி மரமே வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி உலகெங்கும் கிதார்களின் மெட்டுப் பலகையாக இருக்கிறது. அது கடினமானது, எண்ணெய்ப் பசை உள்ளது, விரல் வியர்வையைத் தாங்கும். ஆனால் அருகி வருகிற மரம். 2017 முதல் அந்த இன மரங்கள் அனைத்தும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, 2019ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. புதிதாக வெட்டிய மரத்தைத் தேடுவதைக் காட்டிலும் பழையதைத் தேடுவதே நேர்மை. நாகர்கோவிலில் இருந்த எங்கள் பூர்விக வீட்டை விற்றபோது, தாத்தாவின் ஈட்டிக் கட்டில் ஒன்று கால் ஒடிந்து கிடந்தது. அதன் தலைமாட்டுச் சட்டத்தில் ஒரே ஒரு பலகை தேறியது. இன்னொன்று கிடைக்காது என்று தெரிந்தே அதன்மேல் ரம்பத்தை வைத்தேன். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சில் தொல்லையும் தரும். அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்வதும், சமையலறைக்கு அப்பால் அறுப்பதும் அவசியம்.

இனி மெட்டுகளின் கணக்கு. இதுவே இக்கருவியின் உயிர்.

தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜம் பேசும் என்பதை வீணை மீட்டிய எவரும் அறிவர். மூன்றில் இரண்டு பங்கை அதிரவிட்டால் பஞ்சமம். இடையிலுள்ள பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களையும் சம இடைவெளியாக ஏற வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு மெட்டிலும் மீதியுள்ள தந்தியை ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த விகிதத்திலிருந்து கைவினைஞர்கள் எடுத்துக்கொண்ட எண் 17.817. நான் தேர்ந்த தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37, மேல் முனையிலிருந்து அவ்வளவு தூரத்தில் முதல் மெட்டு. மீதி 611.63ஐ மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் 34.33, ஆகவே இரண்டாவது மெட்டு முனையிலிருந்து 70.70ல் அமையும். இப்படியே போனால் ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியான 324 என்று வந்து நிற்கும். விஞ்ஞானி கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலி 16ஆம் நூற்றாண்டில் இதற்கு 18 என்ற முழு எண்ணைச் சொன்னார். மனக்கணக்குக்கு அது எளிது; ஆனால் பன்னிரண்டாம் மெட்டு 2.4 மில்லிமீட்டர் முன்னதாகவே விழுந்துவிடும்.

கணக்கைத் தாளில் போட்டுவிடலாம். மரத்தில் போடும்போது ஒரு விதியை மறக்கலாகாது. ஒவ்வொரு மெட்டின் தூரத்தையும் மேல் முனையிலிருந்தே அளக்க வேண்டும். முந்திய மெட்டிலிருந்து அளக்கக் கூடாது. முந்தியதிலிருந்து அளந்தால் ஓரிடத்துப் பிசகு அடுத்த மெட்டுகள் எல்லாவற்றுக்கும் வட்டியோடு போய்ச் சேரும். இந்த விதியை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் மீறினேன். என் எஃகு அளவுகோல் ஒரு முழத்திற்குள் இருந்ததால், ஐந்தாம் மெட்டிற்குப் பிறகு அடுத்தடுத்து அளப்பதே வசதியாகத் தோன்றிற்று. பென்சில் கோடுகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. 0.6 மில்லிமீட்டர் அகலப் பிளவுகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த மெட்டுக் கம்பியை அவற்றில் அடித்து இறக்கி, அரத்தால் சமன் செய்தேன். தவறு அங்கே உறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்தது பிக்கப். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மைதான் அதன் அடிப்படை: சுருளுக்குள் காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். காந்தத்தின் மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது. காந்தப் புலம் அதற்கேற்ப அசைகிறது. சுற்றியுள்ள செப்புக் கம்பியில் அதே அசைவு மின்சாரமாக ஓடுகிறது. நைலான் தந்தி போட்டால் இது ஊமை.

இதைக் கடையில் வாங்கலாம். ஆயினும் சுற்றிப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. கம்பியின் கனம் 0.063 மில்லிமீட்டர், தலைமயிருக்கு ஈடானது. அதில் எட்டாயிரம் சுற்று. மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்! பழைய கைத் தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் சட்டத்தைப் பூட்டிச் சுற்றினேன். எண்ணுவதற்கு ஒரு யுக்தி உண்டு. சாதாரணக் கால்குலேட்டரில் ஒன்றோடு ஒன்றைக் கூட்டி, சமக்குறிப் பொத்தானோடு காந்தத்தால் மூடும் சிறு சுவிட்சை இணைத்துவிட்டால், சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் எண் ஒன்று ஏறும். மூன்று முறை கம்பி அறுந்தது. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் கம்பியை இழுக்கிறீர்கள், அது தானாகப் போக விடுங்கள்" என்றார். ஐந்து நிமிடத்தில் அவர் கற்பித்தது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. சுற்றி முடித்து அளந்தால் ஆறாயிரம் ஓம் அளவுக்கு மின்தடை காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சுருளில் ஒரு கம்பி தளர்ந்திருந்தாலும் ஒலிபெருக்கி வீறிடும். அதைத் தடுக்கச் சுருளை உருகிய பாரஃபின் மெழுகில் அமிழ்த்தி எடுப்பார்கள். மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்கலாகாது, தீப்பற்றும். கொதிநீர்ப் பாத்திரத்தின் உள்ளே வைத்து உருக்குவதே முறை. அன்று அடுக்களைக்கு வந்த பெரியம்மா முகம் மலர்ந்தார்கள். வீணையின் மெட்டுகளைப் பதிப்பதும் மெழுகில்தான் அல்லவா? தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் இரு ஓரமும் சட்டம் போல் அமைத்து, இருபத்துநான்கு வெண்கல மெட்டுகளையும் சுருதி பார்த்து அதில் நிறுத்துவதை மேளம் கட்டுவது என்பர். வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். அது குறை என்று எண்ணியிருந்தேன். பின்னால்தான் அதன் அருமை விளங்கிற்று.

ஒரே சுருள் உள்ள பிக்கப்பில் இன்னொரு தொல்லை உண்டு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது உள்ளே வாங்கிக்கொள்ளும். 1955ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தங்களையும் எதிரெதிராக வைத்து, தந்தியின் ஒலி கூடவும் இரைச்சல் கழியவும் வழி செய்தார். என்னுடையது ஒற்றைச் சுருளே. உட்குழியைச் செப்புத் தகட்டால் போர்த்தித் தரை இணைப்புக் கொடுத்ததில் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிற்று. ஒலி அளவுக்கு 250 கிலோ ஓம் குமிழ் ஒன்று, ஒலியின் கூர்மையைக் குறைக்க 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுடன் மற்றொன்று, வெளியே செல்ல ஒரு துளை. அத்துளையில் செருகும் கால் அங்குலச் செருகி பழைய தொலைபேசி நிலையங்களில் பிறந்தது. கிதாருக்குள் இருப்பது மிகச் சிறிய மின்சாரம், குழந்தையும் தொடலாம். ஒலிபெருக்கிப் பெட்டி அப்படியன்று. பழைய வால்வு வகைப் பெட்டிகளுக்குள் முந்நூறு, நானூறு வோல்ட் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் தங்கும். அதை அறிந்தவரிடம் விட்டுவிடுக. சுவரில் உள்ள எர்த் இணைப்பு உண்மையில் தரையைத் தொடுகிறதா என்று பார்ப்பது மட்டும் நம் கடமை. வாசிப்பவரின் கை இரும்புத் தந்தியின் மேல் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறு தந்திகளும் முறுக்கேறி நிற்கும்போது கழுத்தின் மேல் ஏறக்குறைய 45 கிலோகிராம் இழுவை விழுகிறது. மரம் வளையும். அதற்காகக் கழுத்திற்குள் நீளவாட்டில் எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்து, நுனியில் மரையாணி வைத்து, வளைவை நிமிர்த்துவார்கள். கழுத்துக்குச் சிக்கனம் பார்த்து இதை விட்டுவிடுகிறவர்கள் முதல் மழைக்காலத்திலேயே வருந்துவார்கள். மழைக்காலம் என்றதும் வெளியூர் நேயர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் மரம் சற்று ஊதியே இருக்கும். இங்கே செய்த கருவியைத் தைமாதத்தில் டில்லிக்கோ நாகபுரிக்கோ கொண்டு சென்றால் பலகை அகலத்தில் சுருங்கும். மெட்டுக் கம்பி சுருங்காது. ஓரத்தில் மெட்டு நுனிகள் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். அரத்தால் மெல்லத் தேய்த்துவிட்டால் சரியாகும். அறுத்த பலகையை நாம் வாழும் ஊரிலேயே ஆறு மாதம் கிடக்கவிட்டுப் பிறகு இழைப்பது அதைவிட நல்லது.

தந்தி பூட்டிய அன்று மாலை பெரியம்மா தம்புராவை எடுத்து வந்தார்கள். வெறுந்தந்தியை ஷட்ஜத்திற்குச் சேர்த்தேன். மூன்றாம் மெட்டு, ஐந்தாம் மெட்டு வரையில் தலையசைத்தார்கள். பிறகு அசைவு நின்றது. பன்னிரண்டாம் மெட்டைத் தொட்டதும், "மேல் ஷட்ஜம் ஏறி நிற்கிறதே, அப்பா. மெட்டைக் கொஞ்சம் நகர்த்தேன்" என்றார்கள்.

நகர்த்துவதற்கு அங்கே மெழுகு இல்லை. அளந்து பார்த்தேன். ஐந்தாம் மெட்டுக்கும் ஆறாம் மெட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. அதற்குப் பின்னுள்ளவை யாவும் அதே அளவு தள்ளி நின்றன. மூன்று மில்லிமீட்டர் என்பது நம் தச்சர்களின் கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல். கதவிலும் கட்டிலிலும் ஒரு நூல் பிசகை யாரும் காணார். தந்தியில் அது ஒரு ஸ்வர ஸ்தானத்தின் ஆறில் ஒரு பங்காகி, காதைக் குத்தியது.

குதிரையைப் பின்னுக்கு நகர்த்திப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் நகர்த்தியபோது மேல் ஷட்ஜம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் மெட்டின் மத்யமம் இறங்கிப் போயிற்று, ஏழாம் மெட்டின் பஞ்சமம் ஏறிப் போயிற்று. ஓரிடத்தை ஒப்பேற்றினால் வேறிடத்தில் வாய் பிளந்தது. தாத்தாவின் கட்டில் பலகை வேறு இல்லை. இரண்டு வாரம் அதைத் துணியால் மூடி வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் கண்ட பரிகாரம் இது. ஆறாவது முதல் உள்ள மெட்டுக் கம்பிகளைச் சூட்டுக்கோலால் சூடாக்கி, பலகை சிதறாமல் பிடுங்கினேன். கட்டிலின் மிச்சத் துண்டிலிருந்து காகிதம் போன்ற ஈட்டிச் சீவல்களை எடுத்துப் பழைய பிளவுகளில் பசையுடன் இறக்கி, உலர்ந்தபின் சமன் செய்தேன். ஒரு மீட்டர் அளவுகோலை வாங்கி வந்து, மேல் முனையிலிருந்தே ஒவ்வொன்றையும் அளந்து, கூரிய கத்தி முனையால் கோடு கிழித்து, மூன்று மில்லிமீட்டர் இப்பால் புதிதாக அறுத்தேன். பென்சில் கோட்டிற்கே கால் மில்லிமீட்டர் கனம் உண்டு. கத்திக் கோட்டிற்கு இல்லை. பழைய பிளவுகளின் தழும்புகள் மெல்லிய கோடுகளாக இன்றும் பலகையில் தெரிகின்றன. அவற்றை மறைக்க நான் முயலவில்லை.

குதிரையையும் அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். விரல் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறுவதால், ஒவ்வொரு தந்திக்கும் குதிரையைக் கணக்கிட்ட இடத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பின்னே வைப்பது வழக்கம். தடித்த தந்திகளுக்கு இன்னும் சிறிது அதிகம். பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே தந்தியை விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணி நாதம் கேட்கும். அதே இடத்தில் அழுத்தி மீட்டிய ஒலி அதைவிட ஏறியிருந்தால் குதிரையைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துக. இரண்டும் ஒன்றாகும் இடமே அதன் இடம்.

இரண்டாம் முறை பெரியம்மா தம்புராவுடன் உட்கார்ந்தார்கள். ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் எல்லாம் சேர்ந்தன. நான்காம் மெட்டின் அந்தர காந்தாரத்தில் மட்டும் முகம் சுளித்தார்கள். அளந்தேன், பிசகில்லை. இது கையின் தவறன்று, ஏற்பாட்டின் தன்மை. இயற்கையான அந்தர காந்தாரம் ஷட்ஜத்திற்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்பது. ஸ்வர ஸ்தானம் ஒவ்வொன்றையும் நூறு கூறாக்கிப் பார்த்தால் அது 386ஆம் கூறில் விழும். சம இடைவெளி மெட்டில் அது 400. பதினான்கு கூறு ஏற்றம். பஞ்சமத்தில் இந்த வேற்றுமை இரண்டே கூறுதான்; அதனால் காது மன்னித்துவிடுகிறது. ஆர்மோனியத்தின் மீதிருந்த வழக்கும் இதுவே. நம் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரையில் ஆர்மோனியத்தை நிலையத்திற்குள் விடாதிருந்ததற்கு அதன் சமச் சுருதியும், கமகத்திற்கு இடம் தராத கட்டைகளும் முக்கியக் காரணங்கள். அந்தத் தடை சற்றுக் கடுமையே என்பது என் எண்ணம். ஆயினும் காரணம் கற்பனையன்று.

ஆர்மோனியத்திற்கு இல்லாத ஒரு வழி கிதாருக்கு உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கலாம். பாலக்கொல்லில் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக் கர்நாடக சங்கீதத்தைக் கமகத்தோடு வாசித்துக் காட்டினார். மாண்டலினில் இல்லாத நீண்ட கார்வையை மின்சாரம் அவருக்குக் கொடுத்தது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாலின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், தம் கிதாரின் மெட்டுகளுக்கு இடையே பலகையைப் பள்ளமாகத் தோண்டச் செய்தார். வீணையில் மெட்டுக்கும் தண்டிக்கும் இடையே உள்ள ஆழம் விரலுக்குக் கிடைத்தது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தன. ஆனால் என் கிதாரில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழி சொன்னது பெரியம்மாதான். காந்தாரம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நான்காம் மெட்டிலேயே இழுத்தால் மேலும் ஏறுமேயன்றி இறங்காது. "நான்காம் மெட்டில் ஏன் நிற்கிறாய்? மூன்றாம் மெட்டில் பிடித்து இழுத்துக் கொண்டுவா. காந்தாரம் எங்கே இருக்கிறதென்று காது சொல்லும்" என்றார்கள். வீணையில் அவர்கள் வாழ்நாளெல்லாம் செய்து வந்தது அதுதான். செய்து பார்த்தேன். முதலில் விரல் வலித்தது. பிறகு ஓரிடத்தில் தம்புராவோடு அது கரைந்து நின்றது. இழுப்பதற்கு 0.017 அங்குலத் தந்தி சற்று விறைப்பாக இருந்தபடியால், மூன்றாம் தந்தியை மட்டும் 0.016க்கு மாற்றி, அதன் குதிரையை மறுபடியும் மணி நாதம் பார்த்துச் சரி செய்துகொண்டேன்.